பதினாலடிப் படகு

டிரெய்லரிலிருந்து படகு வழுக்கித் தண்ணீரில் இறங்கியபோது தொபியாஸ் முழங்காலளவு கடலில் நின்றுகொண்டிருந்தான். அதற்கு மேல் ஓரடி எடுத்து வைக்கவில்லை. அவன் மனைவி ஜெசிந்தா இடுப்பளவு ஆழத்துக்குப் போய், படகின் ஓரத்தைப் பிடித்துக் காலைத் தூக்கிப் போட்டு ஏறி உட்கார்ந்து, சுடிதாருக்கு மேலே போட்டிருந்த ஆரஞ்சு மிதவைச் சட்டையின் வாரை ஒரு தரம் இழுத்துப் பார்த்துவிட்டு, சுக்கான் கைப்பிடியில் கை வைத்தாள். "போயிட்டு வாறேங்க," என்றாள், மீன் மார்க்கெட் வரைக்கும் போகிறவள் மாதிரி. அவன் தலையை ஆட்டினான். ஞாயிற்றுக்கிழமை, முதல் பூசை முடிந்து ஊர் காலைச் சாப்பாட்டில் இருந்தது, ஃபைபர் வள்ளங்கள் எல்லாம் மணலில் ஏறிக் கிடந்தன, கடல் முழுக்க அவளுக்கு மட்டும் என்று விட்டுக்கொடுத்த மாதிரி இருந்தது. பாய் ஒரு தரம் படபடத்து, பிறகு வாடைக்காற்றை வாங்கி நிறைந்தது. படகு வலது பக்கம் லேசாகச் சாய்ந்தது. சாய்ந்ததும் ஓடத் தொடங்கிவிட்டது. இருபத்தாறு வருசம் கடலில் கிடந்தவன் கரையில் நிற்கிறான், நாற்பது வயதுவரை ஒரு வள்ளத்தில்கூடக் கால் வைத்தறியாதவள் அவன் வரைந்த படகில் போகிறாள். அவர்கள் ஊரில் பெண்கள் படகில் ஏறக் கூடாது என்று எங்கும் எழுதி ஒட்டவில்லை, ஆனாலும் யாரும் ஏறினதில்லை. ஜெசிந்தாவைப் பெற்ற தகப்பனே, வலை காயும் இடத்தில் அவளை உட்காரவிட்டாரே தவிர வள்ளத்தைத் தொடவிட்டதில்லை. பொறாமையாக இருக்கிறதா? அவன் தன்னையே கேட்டுக்கொண்டான். இருந்தது. நெஞ்சுக்குள் புளித்துக்கொண்டு இருந்தது, கூடவே வெட்கமாகவும்.

படகு போகப் போகப் பின்பலகை சின்னதாகிக்கொண்டே வந்தது. அதன் அடியிலிருந்து தண்ணீர் சுழிக்காமல், இழுத்த கோடு மாதிரி நேராகப் பிரிந்து போவதை அவன் பார்த்தான், நல்லது, பின்பக்கத்து அடியைக் கொஞ்சம் மேலே தூக்கி வரைந்தது சரிதான், அதைத் தூக்குவதா வேண்டாமா என்று பதினோரு நாள் தரையில் குப்புறப் படுத்து யோசித்திருக்கிறான். வீட்டு நடு அறையில் வெள்ளைத் தாளை விரித்து, வளையும் மரச்சட்டத்தை ஈயக்கட்டிகளால் அங்கங்கே அழுத்தி வைத்து, அது தானாக எப்படி வளைகிறதோ அப்படியே பென்சிலை ஓட்டி, கண்ணைத் தரையோடு வைத்துக் கோட்டை ஒற்றைக் கண்ணால் பார்த்து, எங்கே ஒரு முடிச்சு மாதிரி தட்டுகிறதோ அங்கே ஒரு நூல் நகர்த்தி. பதினாலடி நீளம், ஐந்தடி அகலம். மாருதி கார் இழுக்கிற எடை. பாய்மரம் மடக்கிப் படுக்கவைக்கிற மாதிரி. காருக்குப் பின்னால் கொக்கியில் மாட்டி எந்த ஊருக்கும் கொண்டுபோகலாம், ஏரியில் இறக்கலாம், அணைக்கட்டில் இறக்கலாம், கடல் இல்லாத ஊர்க்காரனும் வைத்துக்கொள்ளலாம். கடலை விட்ட பிறகு அவன் படகு கட்டுவதைக் கேள்விப்பட்டு மதுரையில் ஒரு பள்ளிக்கூட டீச்சர் அப்படித்தான் கேட்டாள், அவள் கேட்டதிலிருந்துதான் இது ஆரம்பித்தது. ஆனால் சாலை ஒன்று கேட்கிறது, கடல் ஒன்று கேட்கிறது. அடி தட்டையாக இருக்கணும், அப்போதுதான் டிரெய்லரில் ஒழுங்காக உட்காரும் என்கிறது சாலை. அடியில் ஆழமாக ஏதாவது இறக்கு, இல்லாவிட்டால் காற்று தள்ளுகிற பக்கமே போய்க்கொண்டிருக்கும் என்கிறது கடல். ரெண்டு பேருக்கும் நடுவில் மத்தியஸ்தம் பேசுகிற மாதிரி அவன் ஒரு பலகையை வைத்தான், படகின் நடுவில் ஒல்லியான ஒரு பெட்டி, அதற்குள் மேலே இழுக்கவும் கீழே இறக்கவும் ஒரு பலகை. ஆழத்துக்குப் போனதும் இறக்கு, கரைக்கு வரும்போது தூக்கு. அந்தப் பெட்டி. அவன் நினைப்பு அங்கே போய் இடறியது, சட்டென்று திரும்பிவிட்டான், இப்போது அதை நினைக்க வேண்டாம், பாயைப் பார், பாய் எவ்வளவு அழகாக நிற்கிறது.

ஐந்து வருசம். ஐந்து வருசம் ஆகிறது, பாதத்துக்குக் கீழே எதுவும் அசையாமல். தரை ஏன் இவ்வளவு செத்துக் கிடக்கிறது என்று முதல் ஆறு மாதம் அவனுக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது, கட்டிலில் படுத்தால் கட்டில் சும்மா கிடக்கும், வண்டியில் போனால் வண்டி உதறுமே ஒழியத் தாலாட்டாது. அன்றைக்குக் காலையும் இதே மாதிரி வாடைக்காற்றுதான். துறைமுக வாயிலைத் தாண்டி வலையை இழுத்து வாங்கிக்கொண்டிருந்தபோது இடது காதுக்குள் யாரோ பிரஷர் குக்கரைத் திறந்துவிட்ட மாதிரி ஒரு இரைச்சல். வள்ளத்து எஞ்சின் என்றுதான் முதலில் நினைத்தான். எஞ்சின் அணைந்து கிடந்தது. அதற்குப் பிறகு வானம் இடது பக்கமாக வழுக்கிக் கீழே வந்தது, கடல் எழுந்து மேலே போனது, அவன் பிடித்திருந்த வலையைத் தவிர உலகத்தில் எதுவும் அதனதன் இடத்தில் இல்லை. குடல் வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுத்தான். வாழ்நாளில் ஒரு நாள் கடலில் வாந்தி எடுத்தவன் இல்லை. கூட வந்தவர்கள் சிரித்தார்கள், பிறகு பயந்தார்கள், அவன் விழப்போனது அவனுக்கே தெரியவில்லை, இடுப்பு வாரைப் பிடித்து இழுத்துப் போட்டார்கள். மதுரையில் காது டாக்டர் ஒரு பிளாஸ்டிக் காதைப் பிரித்துக் காட்டி, நத்தை மாதிரி சுருண்டிருந்த ஒன்றைத் தொட்டு, "இதுக்குள்ள இருக்கிற தண்ணி அழுத்தம் கூடிடுது, எப்ப கூடும்னு சொல்ல முடியாது, உப்பைக் குறைங்க, உயரமான இடம் வேண்டாம், படகு வேண்டவே வேண்டாம்," என்றார். உப்பளத்து ஊர்க்காரனிடம் உப்பைக் குறை என்கிறார். ஜெசிந்தா மருந்துச் சீட்டை வாங்கி மடித்துக்கொண்டாள். வெளியே வந்து பஸ் ஏறினார்கள். பஸ்ஸில் அவன்தான் சொன்னான், "பாத்தியா ஜெசி, கடல்ல என்னைய விடமாட்டாகளாம், கடல்தான் காதுக்குள்ள வந்து உக்காந்துக்கிட்டு இருக்காம்." அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். மூன்று மாதம் எதுவும் வராது, வராது என்று நம்பத் தொடங்குகிற வாரத்தில் ரெண்டு தடவை வரும். அந்தக் காதின் கேட்கிற சக்தியும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்துகொண்டே போனது. கேட்கிற காதிலும் இப்போது கீச்சுச் சத்தங்கள் வருவதில்லை, அதாவது வருகிறதா இல்லையா என்று அவனுக்குத் தெரிவதில்லை.

"எத்தான், ஒரு எஞ்சினை மாட்டி விட்டிருந்தா இந்நேரம் அந்தா தெரியுத தீவைச் சுத்திட்டு வந்திருக்கும்லா?" பக்கத்தில் பர்னபாஸ் வந்து நின்றான். ஜெசிந்தாவின் தம்பி. டிரெய்லரை ஜீப்பில் இழுத்து வந்தது அவன்தான். "காத்தை நம்பி எவன் போவான் இந்தக் காலத்துல?" தொபியாஸ், "உங்க அக்கா போறா," என்றான். பர்னபாஸ் வாயில் இருந்த வடையை மென்றுகொண்டே, "அவ எதுக்கும் போவா," என்றான், அதில் பெருமையா புகாரா என்று தெரியவில்லை. அவனைப் போகச் சொல்லியிருக்கலாம், ஆனால் ஆள் நூற்றுப் பத்துக் கிலோ, படகு எந்தப் பக்கம் உட்காருகிறது என்றே தெரியாமல் போயிருக்கும், தவிர அவனுக்குப் பாய் பிடிக்கத் தெரியாது. ஜெசிந்தாவுக்குத் தெரியும். எட்டு மாதம் முன்னால் ஆற்றுக் கழிமுகத்தில், பிளைவுட்டில் அடித்த ஒரு பரிசோதனைப் படகில் அவளை ஏற்றி, பின்னால் கயிற்றைப் பிடித்துக்கொண்டு அவன் சேற்றில் நடந்து நடந்து சொல்லிக் கொடுத்தான். பாயை விடு. இழு. காத்து எங்கே வருது, கன்னத்துல கேளு. மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை கயிறு அவன் கையிலிருந்து நழுவியதை அவள் கவனிக்கவே இல்லை, போய்க்கொண்டே இருந்தாள். அன்றைக்கும் இதே புளிப்பு. வரைந்ததெல்லாம் யாருக்காக? உட்காருகிற பலகையின் உயரம் அவன் தொடைக்கு, கைப்பிடியின் நீளம் அவன் கைக்கு, சாய்ந்தால் கால் முட்டுக்கொடுக்கிற கட்டை அவன் காலுக்கு. எழுபத்திரண்டு கிலோ எடை ஒன்று பின்பக்கம் உட்கார்ந்திருக்கும் என்று கணக்கில் எழுதியபோது எழுபத்திரண்டு யாருடைய எடை என்று அவள் கேட்கவில்லை. அவள் ஐம்பத்தாறு.

இப்போது நினைப்பு மறுபடி அந்தப் பெட்டிக்கு வந்துவிட்டது, இந்த முறை தள்ள முடியவில்லை. ஜூலையில், படகுக் கொட்டகையில் அடிப்பாகம் ஊற்றிய நாள். அச்சுக்கு ஏழு தடவை மெழுகு தேய்த்து, ஜெல்கோட் என்கிற வெள்ளை மேல்பூச்சு அடித்து, அது விரலில் ஒட்டி ஆனால் விரலோடு வராத பதம் வரக் காத்திருந்து, கண்ணாடி நார் விரிப்பான மேட்டை விரித்து ரெசின் பசையில் தோய்த்து உருளையால் உருட்டி, ஒன்றின் மேல் ஒன்றாக. ரெசினை இறுக்குகிற ஹார்ட்னர் கலந்துவிட்டால் இருபது நிமிஷம்தான், அதற்குள் காற்றுக் குமிழி எல்லாவற்றையும் உருட்டி வெளியேற்றிவிட வேண்டும், ரெசின் சூடாகிக் கெட்டியாகத் தொடங்கினால் உள்ளே மாட்டின காற்று மாட்டினதுதான். பெட்டி அடித்தளத்தோடு சேருகிற முன்மூலைக்கு வந்திருந்தான். படகு முழுக்கப் பலகை தாங்குகிற இழுப்பெல்லாம் வந்து சேருகிற மூலை. அங்கே மேட் மடிந்து மடிந்து நின்றது, சின்ன உருளையை எடுக்கக் கை நீட்டினான், காதுக்குள் அந்த இரைச்சல். கொட்டகை சுழன்றது. உருளை விழுந்த சத்தம் மட்டும் நினைவிருக்கிறது, அப்புறம் ஜெசிந்தாவின் கை, "படுங்க, படுங்க, நான் பாத்துக்கிடுதேன்," ரெசின் வாடை, தலைக்குக் கீழே சாக்கு. ரெண்டு நாள் எழவில்லை. எழுந்து வந்தபோது அடிப்பாகம் காய்ந்து இறுகியிருந்தது, முன்மூலை பார்வைக்கு ஒழுங்காகத்தான் இருந்தது. நாணயத்தால் தட்டிப் பார்ப்பதுதான் வழி, உள்ளே கெட்டியாக இருந்தால் டிங் என்று வரும், காற்று மாட்டியிருந்தால் டொக் என்று செத்த சத்தம் வரும். தட்டினான். அவனுக்கு எல்லா இடமும் ஒன்றுபோலவே கேட்டது. அவன் கேட்டது சத்தத்தையா, தன் காதையா? "ஜெசி, நீ கேளு." அவன் தட்டத் தட்ட அவள் குனிந்து கேட்டாள். "எல்லா எடமும் ஒண்ணாத்தான் இருக்கு, நல்லாருக்கு," என்றாள். உடனே சொன்னாள். கொஞ்சம் சீக்கிரமாகவே சொல்லிவிட்டாளோ? அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னாளா, பெட்டியைப் பார்த்துக்கொண்டு சொன்னாளா? காய்ச்சல்காரப் பிள்ளைக்கு நாளைக்குச் சரியாயிரும் என்று சொல்கிற குரலா அது? ஏழு மாதமாக அந்த ஒரு வாக்கியத்தை அவன் மனசுக்குள் தட்டித் தட்டிப் பார்க்கிறான், டிங் என்கிறதா டொக் என்கிறதா பிடிபடவில்லை. இப்போது அந்த மூலையை நம்பி அவளேதான் போகிறாள்.

படகு திரும்பியது. பாய் ஒரு கணம் இல்லாமல் போய், மறு பக்கமாக நிறைந்து, தூண்டில் வளைவுக் கற்சுவரை நோக்கி வடக்கே ஏறியது. காற்றுக்கு இவ்வளவு நெருக்கமாக ஏறும் என்று அவன் எதிர்பார்க்கவில்லை. அப்படியானால் பலகை வேலை செய்கிறது, அப்படியானால் இழுப்பு முழுக்க இப்போது அந்த மூலையில். படகு சுவருக்குப் பின்னால் போனது. கருங்கல் குவியலுக்கு மேலே பாயின் நுனி மட்டும் வெள்ளை முக்கோணமாக ஊர்ந்துகொண்டிருந்தது. அவன் அந்த நுனியை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தான், கண்ணால்தான், ஆனால் விரல்கள் வலித்தன. கல்லுக்கு மேலே ஒரு கடற்காகம் வந்து உட்கார்ந்தது, அவன் அதை ஒரு நொடி பார்த்திருப்பான், திரும்பிப் பார்த்தால் நுனி இல்லை. வரும். கல் உயரமான இடம், மறைக்கிறது. வரும். எண்ணத் தொடங்கினான். இருபது எண்ணினான். பதினெட்டடி உயரத்துப் பாயை மறைக்கிற கல் அங்கே எங்கே இருக்கிறது? நாற்பது. இருக்கைக்குக் கீழே நுரைக்கட்டி வைத்திருக்கிறான், நிறையத் தண்ணீர் புகுந்தாலும் படகு முழுகாது, கவிழ்ந்தாலும் மிதக்கும், மிதவைச் சட்டை போட்டிருக்கிறாள், வாரை இழுத்துப் பார்த்தாளே, அவளுக்கு நீச்சல் தெரியும், ஆனால் பாய்க்கயிறு காலில் சுற்றினால், பாய்மரம் தலையில் அடித்தால், அந்தப் பக்கம் முழுக்கக் கல். நீ வரைந்தாய். நீ பாதியில் விழுந்தாய். உன் ஆசைக்கு அவளை ஏற்றி அனுப்பினாய். "பர்னபாஸ்!" என்று அவன் கத்தியபோதுதான் தண்ணீர் நெஞ்சளவுக்கு இருப்பது தெரிந்தது. எப்போது நடந்தான்? அலை ஒன்று முகத்தில் அறைந்தது, உதட்டில் உப்பு, அஞ்சு வருசத்து உப்பு, இந்த நேரத்திலும் நாக்கு அதை ருசித்ததை அவன் மன்னிக்கவே மாட்டான். பின்னால் பர்னபாஸ் வடைத்தாளை எறிந்துவிட்டுத் தன் வள்ளத்தைத் தள்ள ஆளைக் கூப்பிட்டுக்கொண்டு ஓடினான். அப்போது கல்லுக்கு மேலே, போன இடத்துக்குக் கொஞ்சம் தள்ளி, வெள்ளையாக ஒன்று கையளவு, முழத்தளவு, ஆளளவு எழுந்தது. கண்கூசும் வெயிலில் தெரியாமல் நின்ற மெல்லிய பாய்மரத்தில் யாரோ பாயை ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

அவள் நேராக அவனிடமே வந்தாள். பலகையைத் தூக்கி, பாயைத் தளர்த்தி, அவன் கைக்கு எட்டுகிற தூரத்தில் படகை நிறுத்திய விதத்தில், இருபத்தாறு வருசம் கடலில் கிடந்தவனுக்குக் குற்றம் சொல்ல ஒன்றும் இருக்கவில்லை. அவன் படகின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டான். "எதுக்குப் பாயை எறக்குன?" என்றான்.

"ஏங்க, இதென்ன நெஞ்சளவு தண்ணியில வந்து நிக்கிய!" அவள் அவன் முகத்தைப் பார்த்ததும் குரலைத் தணித்துக்கொண்டாள். "கரைக்கு வந்ததும் முதக் கேள்வி அந்தப் பெட்டி ஓரத்துல தண்ணி கசியுதான்னுதான் கேப்பிய. சாஞ்சு ஓடயில பாக்க முடியல. அதான் சொவருக்கு அந்தப் பக்கம் காத்து கம்மியா இருந்துச்சு, பாயை எறக்கிட்டு நல்லா கையை விட்டுத் தடவிப் பாத்தேன். ஒரு பொட்டுத் தண்ணி இல்ல."

அவன் கேட்டுவிட்டான். கேட்காமல் இன்னொரு ஏழு மாதம் ஓட்ட முடியாது. "ஜெசி, அன்னைக்குக் காசை வச்சுத் தட்டுனப்ப, நெசமாவே ஒண்ணாத்தான் கேட்டுச்சா?"

"நெசமாத்தான் கேட்டுச்சு." அவள் பாய்க்கயிற்றைக் கையில் சுற்றினாள், அவிழ்த்தாள். "அதுக்கு மொத நாளு அப்படிக் கேக்கல. நீங்க படுத்துக் கெடந்தியள்ல, அப்ப தனியா தட்டிப் பாத்தேன். உள்ளங்கை அகலத்துக்கு டொக்குன்னுச்சு. மெஷின்ல டிஸ்க்கைப் போட்டுத் தேச்சு எடுத்துட்டு, திரும்ப மூணு மேட்டு போட்டேன். காஞ்ச பெறகுதான் நீங்க எந்திரிச்சு வந்து தட்டுனிய."

"எங்கிட்டச் சொல்லல."

"சொன்னா மொத்தப் படகையும் வெட்டிக் குப்பையில போட்டிருப்பிய."

போட்டிருப்பான். அவளுக்கு அவனைத் தெரியும். அவன் விட்டுப்போன வேலையை அவள் முடித்தாள் என்பது எங்கோ ஒரு இடத்தில் சுருக்கென்றது, அந்தச் சுருக்கின் மேலேயே பெரிதாக ஒன்று இளகி வழிந்தது, ரெண்டையும் பிரிக்க அவனுக்கு நேரமில்லை, அவள் அடுத்ததற்குப் போய்விட்டாள். "ஒண்ணு மட்டும் சரியில்ல. சுக்கான் கையை இழுக்குது. காத்து வாற பக்கமாவே திரும்பப் பாக்குது." எவ்வளவு இழுக்கிறது என்று கேட்டான். கொஞ்சம் என்றாள். கொஞ்சம் என்றால், ரெண்டு விரலால் பிடிக்கலாமா, முழுக் கையும் வேணுமா? சாய்ந்தால் கூடுகிறதா, சாயாமலும் இழுக்கிறதா? அவள் உதட்டைப் பிதுக்கினாள். "எனக்குச் சொல்லத் தெரியலங்க. நீங்களே ஏறிப் புடிச்சுப் பாருங்க." டாக்டர் என்று அவன் ஆரம்பித்தான். "எனக்கும்தான் தெரியும் டாக்டரு சொன்னது. சீட்டை நான்தான வச்சிருக்கேன். இடுப்பளவு தண்ணிக்குள்ளயே சுத்துவோம். விழுந்தாலும் எந்திரிச்சு நிக்கலாம். நான் இருக்கேன்ல?" அவள் மிதவைச் சட்டை இன்னொன்றை முன்பக்கத்திலிருந்து எடுத்து அவன்மேல் போட்டாள். அவனுக்கென்று ஒன்றைக் கொண்டுவந்திருந்தாள், காலையிலேயே, அவனிடம் கேட்காமல்.

ஏறும்போது படகு அவன் பக்கம் தாழ்ந்து, தாங்கி, நின்றது. அந்த ஒரு தாழ்வு உள்ளங்கால் வழியாக முழங்காலுக்கும் முதுகுக்கும் ஏறிப் பின்மண்டை வரைக்கும் போனது, உடம்பு யாரையும் கேட்காமல் தானாகவே அதற்கு ஈடுகொடுத்தது, அஞ்சு வருசமாக அது எதையுமே மறந்திருக்கவில்லை. கைப்பிடியைப் பிடித்தான். பாயை அவள் இழுத்தாள். ஆமாம், இழுக்கிறது. முழுக்கை வேண்டாம், மூன்று விரல். சாயச் சாயக் கூடுகிறது. அடியில் தண்ணீர் சடசடவென்று பேசிக்கொண்டு ஓடியது, கால் இஞ்சு கனமுள்ள ஃபைபருக்கு அந்தப் பக்கம், அவன் தொடைக்கு அரைச்சாண் கீழே. கரையில் பர்னபாஸ் தலையில் கை வைத்துக்கொண்டு நின்றான். ஒரு நிமிஷம் இருக்குமா, மூன்று நிமிஷமா? இடது காதுக்குள் அந்த மெல்லிய சீழ்க்கை தொடங்கியது. இப்போது வேண்டாம். இப்போது மட்டும் வேண்டாம். தீவு இடது பக்கமாக நகர்ந்தது, நகரக் கூடாத தீவு. "ஜெசி, நீ புடி," என்றான். அவள் கை அவன் கைமேல் வந்து கைப்பிடியை வாங்கிக்கொண்டது. அவன் சரிந்து படகின் தரையில் ஒருக்களித்துப் படுத்தான், கண்ணை மூடிக்கொண்டான், நல்ல காதைத் தரையோடு சேர்த்து வைத்தான். உலகம் சுற்றியது. ஆனால் காதுக்குக் கீழே தண்ணீர் ஒரே சீராக ஒரே திசையில் ஓடிக்கொண்டிருந்தது, சுற்றாமல். அதைப் பிடித்துக்கொண்டான்.

"சுக்கான் இழுக்காம இருக்கணும்னா பாய்மரத்த ரெண்டு இஞ்சு முன்னால நவுட்டணும்," என்றான் கண்ணைத் திறக்காமலே.

"அது நாளைக்குப் பாக்கலாம். இப்ப கரைக்குத் திருப்பவா?"

அவன் வாயைத் திறந்தால் வாந்தி வரும் போல இருந்தது. நல்ல காதைத் தரையோடு இன்னும் அழுத்தினான்.

"திருப்பாத," என்றான்.